பாசியைத் தின்னும் மீன் பாசியைச் செரிக்கிறதா?

மீன் சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கப்படும் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயரில் கெண்டை இருக்கிறதே தவிர, அது கெண்டை இனத்தைச் சேர்ந்ததன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலாப்பியா மீன் அது. இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்தது 1952-ஆம் ஆண்டில்தான். வந்த சில ஆண்டுகளில் குளங்களிலும் ஏரிகளிலும் பரவி நிலைத்துவிட்டது. இதை வளர்ப்பவர்களைக் கேளுங்கள்: "இதற்குத் தனியாகத் தீனி எதற்கு? பாசியைத் தின்றே கொழுத்துவிடும்" என்பார்கள்.

பாசியைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால் தின்பது வேறு, செரிப்பது வேறு. வைக்கோலை நாமும் மென்று விழுங்கலாம். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. அப்படியானால் பாசி, அதிலும் குறிப்பாக நீலப்பச்சைப் பாசி, மீனின் உடம்பில் ஒட்டுகிறதா?

எளியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு 1951-ல் ஓர் ஆராய்ச்சியாளர் 'இல்லை' என்று விடையளித்தார். 1973-ல் வேறிருவர் 'ஆம்' என்றார்கள். இரு சாராரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் திலாப்பியா மீன்களை ஆராய்ந்தவர்கள். இரு சாராரும் கண்ணால் கண்டதையே எழுதியவர்கள். இந்த முரண்பாடு எவ்வாறு தீர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்டிக்குள் பூட்டிய உணவு

கோடையில் தேங்கிய குளத்து நீரில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் ஒரு படலம் மிதக்கிறதல்லவா? பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசிதான். பாசி என்ற பெயர் வழங்கினாலும் இதன் உயிரணுவில் உட்கரு கிடையாது. உடலமைப்பைக் கொண்டு பார்த்தால் இது பாக்டீரியா இனமே. ஆகவே இப்போது அறிவியலார் இதனைச் சயனோபாக்டீரியா என்று அழைக்கின்றனர். பழைய பெயரும் வழக்கொழிந்துவிடவில்லை. அதையே நானும் இங்கே பயன்படுத்துகிறேன்.

இவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் என்பது மிகப் பரவலாகக் காணப்படுவது. ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்குகளாக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் ஓர் உயிரணுவின் குறுக்களவு. இத்தகைய நூற்றுக்கணக்கான உயிரணுக்கள் கூழ் போன்ற ஒரு பொருளுக்குள் புதைந்து கூட்டமாக வாழ்கின்றன. கூழுக்குள்ளே ஒவ்வோர் உயிரணுவுக்கும் தனிச் சுவர் உண்டு. சர்க்கரை மூலக்கூறுகளும் அமினோ அமிலங்களும் வலைபோல் பின்னப்பட்ட பெப்டிடோகிளைகான் என்னும் பொருள் அச்சுவருக்கு வலிமை தருகிறது. புரதம், மாவுப்பொருள் முதலான சத்துகள் யாவும் சுவருக்கு உள்ளேதான் இருக்கின்றன.

மீனின் குடலில் சுரக்கும் நொதிகள் புரதத்தைச் சிதைக்கும். மாவுப்பொருளையும் கொழுப்பையும் சிதைக்கும். ஆனால் முதலில் அவை உள்ளே நுழைய வேண்டுமே! பலகாரம் இருக்கிறது, அது இருக்கும் பெட்டிக்குத்தான் சாவி இல்லை.

மற்ற விலங்குகள் என்ன செய்கின்றன? பசு புல்லை அரைத்து விழுங்குகிறது. மீண்டும் அசை போடுகிறது. இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடம் அதை நெடுநேரம் ஒப்படைத்துவிடுகிறது. மடவை மீன் மணலையும் சேர்த்து விழுங்கி, தசை தடித்த இரைப்பையில் அம்மியில் அரைப்பதுபோல் அரைத்துவிடுகிறது. திலாப்பியாவுக்கு அசை போடும் வசதியும் இல்லை, அம்மியும் இல்லை. தொண்டையில் சிறு பற்கள் உண்டு; எனினும் இருநூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுள்ள பொருளை அவை எங்கே போய் நசுக்குவது? இவ்வளவு நுண்ணிய பாசியை இம்மீன் பிடிப்பதே ஒரு விந்தைதான். வாயில் ஊறும் கோழையில் ஒட்ட வைத்து அதை உருண்டையாக்கி விழுங்குகிறது என்று 1953-ல் கிரீன்வுட் என்பவர் விளக்கினார்.

உயிரோடு உள்ளே சென்று உயிரோடு வெளியே

மீனின் குடலுக்குள் சென்ற பாசி செத்துத்தான் போகிறதா என்ற ஐயம் அதற்கும் முன்பே எழுந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசியியல் அறிஞர் கிரெகோரியோ வெலாஸ்குவெஸ், வட அமெரிக்க நன்னீர்நிலைகளில் வாழும் கிசார்ட் ஷாட் என்ற மீனின் உணவுப்பாதையிலிருந்து பாசிகளை எடுத்து வளர்த்துப் பார்த்தார். பலவகைப் பாசிகள் மீண்டும் தழைத்து வளர்ந்தன! 1939-ல் இதனை அவர் கட்டுரையாக வெளியிட்டார். மீனின் வயிறு பாசிக்கு இறுதிப் பயணமன்று, ஒரு சுரங்கப்பாதைதான் என்று சொல்லும்படி இருந்தது நிலைமை.

1947-ல் உகாண்டாவில் ஜிஞ்சா என்ற ஊரில், விக்டோரியா ஏரிக்கரையில், கிழக்கு ஆப்பிரிக்க மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஜி. ஆர். ஃபிஷ் (மீனை ஆராய்ந்தவரின் குடும்பப் பெயரே மீன்தான், கதையன்று, உண்மை) விக்டோரியா ஏரியில் அக்காலத்தில் கிடைத்த திலாப்பியா எஸ்குலெண்டா என்ற மீனின் குடலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தார். டயாட்டம் என்னும் சிலிக்கா ஓடுடைய பாசிகள் செரிக்கப்பட்டு வெற்று ஓடுகளாக இருந்தன. நீலப்பச்சைப் பாசிகளோ குடலின் கடைசி வரையில் பச்சை மாறாமல், உருக்குலையாமல் இருந்தன. ஆகவே இம்மீன் டயாட்டத்தைச் செரிக்கிறது, நீலப்பச்சைப் பாசியைச் செரிப்பதில்லை என்று 1951-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

நுண்ணோக்கியில் கண்டதைத்தானே அவர் எழுதினார்? இதில் ஐயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஓர் ஏரி அந்த முடிவுக்கு ஒத்துவர மறுத்தது.

நிலநடுக்கோட்டின் மேல் ஒரு பச்சை ஏரி

உகாண்டாவின் மேற்கில், ருவென்சோரி மலைத்தொடரின் அடிவாரத்தில், நிலநடுக்கோட்டின் மேலேயே அமைந்திருக்கிறது ஜார்ஜ் ஏரி. பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். ஆழமோ சராசரியாக இரண்டரை மீட்டர்கூட இல்லை. இவ்வளவு பெரிய பரப்பில் ஒரு கிணற்றின் ஆழம்கூட இல்லாத ஏரி! நீர்யானைகள் அங்கே மிகுதி. கோடை, குளிர் என்ற வேறுபாடு இல்லாத இடமாதலால், ஆண்டு முழுவதும் வெயிலும் வெப்பமும் ஒரே சீராக இருக்கும். எனவே நீரும் ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி நீலப்பச்சைப் பாசியே. அதிலும் மைக்ரோசிஸ்டிஸே முதன்மை.

அந்த ஏரியில் மீன் இல்லையா? ஏராளமாக இருந்தது! அங்கிருந்த மீனவர்களின் வலையில் முதன்மையாக விழுந்தது திலாப்பியா நைலோட்டிகா. இன்று ஓரியோகுரோமிஸ் நைலோட்டிகஸ் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள நைல் திலாப்பியா. அதன் வயிற்றைத் திறந்தால் உள்ளே இருந்ததும் நீலப்பச்சைப் பாசியே. செரிக்காத உணவைத் தின்று இத்தனை மீன்கள் எப்படி வளர்ந்தன?

இதை வெறும் மீன் வயிற்று ஆராய்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். உயிரினங்களின் உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும்போது ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது ஒரு தோராயக் கணக்கு. பாசியை நுண்விலங்கு தின்று, நுண்விலங்கைச் சிறுமீன் தின்று, சிறுமீனைப் பெருமீன் தின்றால் ஆயிரம் கிலோ பாசி ஒரு கிலோ பெருமீனாகச் சுருங்கும். பாசியை நேரடியாகத் தின்று செரிக்கும் மீன் இருந்தால், அதே ஆயிரம் கிலோவிலிருந்து நூறு கிலோ மீன் கிடைக்கும். கரையில் வாழும் மக்களின் தட்டில் எவ்வளவு மீன் விழும் என்பது, மீனின் வயிற்றில் அந்தச் சுவர் உடைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்திருந்தது.

அக்காலத்தில் பல நாடுகளின் அறிவியலார் சேர்ந்து சர்வதேச உயிரியல் திட்டம் என்ற பெயரில் நிலத்திலும் நீரிலும் உயிர்ப் பொருள் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று கணக்கெடுத்து வந்தார்கள். அதன் ஒரு பகுதியாக இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அனுப்பிய குழு 1966 முதல் 1972 வரை ஜார்ஜ் ஏரியை ஆராய்ந்தது. ஏரி நீரின் வெப்பம், ஒளி, பாசி, நுண்விலங்கு, மீன் என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். அப்பணியில் மீனின் செரிமானத்தை எடுத்துக்கொண்டவர் டி. ஜே. டபிள்யூ. மோரியார்ட்டி. சி. எம். மோரியார்ட்டியும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

நான்கு லட்சம் மடங்கு

மோரியார்ட்டி செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. ஒரு வேளை பிடித்த மீனோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவும் பகலும் வெவ்வேறு நேரங்களில் மீன்களைப் பிடித்தார். ஒவ்வொன்றின் இரைப்பையிலும் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். இரைப்பையிலும் குடலிலும் பாசி எந்த நிலையில் இருக்கிறது என்றும் பார்த்தார்.

இரவில் திலாப்பியா மேய்வதில்லை. இரைப்பை காலியாகிவிடுகிறது, அமிலமும் இல்லாமற் போகிறது. காலையில் மேயத் தொடங்கியதும் அமிலம் மெல்ல மெல்லச் சுரக்கத் தொடங்குகிறது. மேய்ச்சல் தொடரத் தொடர அமிலத்தின் கடுமை ஏறிக்கொண்டே போகிறது. அது எட்டிய உச்சத்தில் பி.எச். எண் 1.4.

இந்த எண்ணின் பொருளைச் சற்று விளக்கிவிடுகிறேன். தூய நீரின் பி.எச். எண் 7. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும். ஆனால் இது முழக்கோல் போன்ற அளவை அன்று. ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும், இரண்டு படி இறங்கினால் நூறு மடங்காகும். 7-லிருந்து 1.4 வரை 5.6 படிகள். மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு வரும். எலுமிச்சைச் சாற்றின் எண் இரண்டுக்குச் சற்று மேலேதான். குளத்து மீனின் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றைவிடப் பன்மடங்கு கடுமையான அமிலம்!

பெட்டியின் சாவி இதுதான். பாசியின் சுவரைச் சிதைக்கத் தனி நொதி ஏதும் மீனுக்குத் தேவைப்படவில்லை. பி.எச். எண் இரண்டுக்கும் கீழே இறங்கியபோது மைக்ரோசிஸ்டிஸ், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகளின் உயிரணுக்கள் அமிலத்தாலேயே சிதைந்தன. சிதைந்த உயிரணுக்கள் குடலுக்குள் செல்லும்போது அங்குள்ள நொதிகளுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. திலாப்பியாவின் குடலோ உடலைப்போல் பல மடங்கு நீளம். சுருள் சுருளாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். செரிக்க வேண்டிய நேரம் அந்த நீளத்தில் கிடைத்துவிடுகிறது.

அமிலம் வேலை செய்ததா என்று அறிய நுண்ணோக்கிகூட வேண்டாம், நிறமே சொல்லிவிடும். வீட்டில் கீரை மசியலுக்குப் புளி ஊற்றினால் பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பேறிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். பச்சையத்தின் மூலக்கூறு நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் அதை வெளியேற்றிவிட்டால் பச்சையம் பழுப்பு நிறப் பொருளாக மாறிவிடும். மீனின் இரைப்பையிலும் அமிலம் பட்ட பாசி பழுப்பாகவும் படாத பாசி பச்சையாகவும் இருந்தன.

இப்போது பழைய புதிருக்கு வருவோம். திலாப்பியாவின் இரைப்பை ஒரு பை போன்றது. உணவு நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் அருகருகே மேற்புறத்தில் உள்ளன. காலையில் விழுங்கிய முதற் கவளங்கள் பையின் அடிவரை செல்லாமல் நேரே குடலுக்குள் போய்விடுகின்றன. அமிலமும் அப்போது போதுமான அளவு சுரந்திருப்பதில்லை. ஆகவே அந்தப் பாசி பச்சை மாறாமல் குடல் முழுவதும் பயணம் செய்து அப்படியே வெளியேறுகிறது. நண்பகல் கடந்தபின் விழுங்கியவையோ பழுப்பேறிச் சிதைந்து செரிக்கின்றன. ஒரே மீன், ஒரே நாள், ஒரே உணவு. காலையில் பிடித்துக் குடலைத் திறப்பவர் 'செரிக்கவில்லை' என்று எழுதுவார். மாலையில் பிடித்துத் திறப்பவர் 'செரிக்கிறது' என்று எழுதுவார்.

ஃபிஷ் ஆராய்ந்தது வேறு இனம், வேறு ஏரி. ஆகவே அவர் தவறிவிட்டார் என்று ஒரேயடியாகச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் வெப்பமானியை வெந்நீரில் வைத்த மறுகணமே அளவைக் குறித்துக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுதோறும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் எண்ணும் வெப்பமானி உண்மையிலேயே காட்டிய எண்தான்!

கதிரியக்கக் கார்பன் தந்த கணக்கு

சிதைகிறது என்று தெரிந்தால் போதுமா? எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்று தெரிய வேண்டாமா? இதற்குத் துணை செய்தது 1940-ல் அமெரிக்காவில் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டுபிடித்த கார்பன்-14. வேதியியல் முறையில் சாதாரணக் கார்பனுக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது. ஆனால் இது பீட்டாக் கதிரை வீசித் தான் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். எனவே சில நாட்கள் நடக்கும் சோதனையில் அது குறைந்துவிடுமோ என்ற கவலையே இல்லை.

பாசியைக் கதிரியக்கக் கார்பன் சேர்ந்த நீரில் வளர்த்தால் ஒளிச்சேர்க்கையின்போது அந்தக் கார்பனைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாசியை மீனுக்கு ஊட்டி, கதிர்வீச்சை அளந்து, தின்றதில் எவ்வளவு உடம்பில் சேர்ந்தது என்று கணக்கிட்டார்கள். மைக்ரோசிஸ்டிஸின் கார்பனில் 70 விழுக்காடு வரையிலும் அனபீனாவின் கார்பனில் 75 விழுக்காடு வரையிலும் நைல் திலாப்பியா தன்வயமாக்கிக்கொண்டது. நிட்சியா என்ற டயாட்டத்தில் இது 79 விழுக்காடு. குளோரெல்லா என்ற பச்சைப் பாசியில் மட்டும் 49 விழுக்காடுதான்! செரிக்கவே முடியாது என்று தள்ளிவைத்த நீலப்பச்சைப் பாசி, பச்சைப் பாசியைவிட நன்றாகவே செரித்திருக்கிறது.

இவை உச்ச அளவுகள். ஏரியில் நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் சராசரி 43 விழுக்காடாகக் குறைந்தது. காலையில் பச்சையாகவே கழிந்து போகும் பாசியின் நட்டமும் அதில் அடங்கியிருக்கிறது. அதே ஏரியில் வாழும் ஹேப்ளோகுரோமிஸ் நைக்ரிபின்னிஸ் என்ற சிறு மீன் அதே பாசியைத் தின்று 66 விழுக்காட்டைத் தன்வயமாக்கியது. உருவில் சிறியது, கணக்கில் கெட்டி! 1973-ல் லண்டன் விலங்கியல் இதழில் இக்கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

மூன்றாண்டுகள் கழித்து, 1976-ல், போவன் என்பவர் தென்னாப்பிரிக்காவில் சிபாயா ஏரியில் உள்ள திலாப்பியாவின் இரைப்பையிலும் பி.எச். எண் 1.5-க்கும் கீழே இறங்குவதையும் அங்கே பாக்டீரியாக்கள் சிதைவதையும் காட்டினார். அவர் ஆராய்ந்த இனம் மொசாம்பிக் திலாப்பியா. 1952-ல் நம் நாட்டுக்கு வந்த அதே ஜிலேபிக் கெண்டை.

இரைப்பையே இல்லாத மீன்

இனி, எல்லா மீன்களுக்கும் இந்தச் சாவி உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. ஆகவே அமிலமும் கிடையாது. சீனாவைத் தாயகமாகக் கொண்ட வெள்ளிக் கெண்டை நீரை வடிகட்டி நீலப்பச்சைப் பாசியை ஏராளமாகத் தின்கிறது. தொண்டைப் பற்களால் கொஞ்சம் நசுக்குகிறது. கூழுக்குள் புதைந்த மைக்ரோசிஸ்டிஸில் ஒரு பகுதி உயிரோடு வெளியேறிவிடுவதும் உண்டு. அப்படியும் சீனாவில் வூகான் நகரின் கிழக்கு ஏரியில் கோடைதோறும் படர்ந்துவந்த பாசிப் படலம் 1985-ல் மறைந்துவிட்டது. வெள்ளிக் கெண்டையையும் பெருந்தலைக் கெண்டையையும் மிகுதியாக விட்டதே காரணம் என்பதைப் பின்னர் ஏரிக்குள் அடைப்புகள் அமைத்துச் செய்த சோதனைகள் காட்டின. மீன் விடாத அடைப்புகளில் பாசி மீண்டும் படர்ந்தது.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். மைக்ரோசிஸ்டிஸில் சில வகைகள் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. அது கல்லீரலைத் தாக்குவது. நஞ்சும் சத்தைப் போலவே சுவருக்குள் இருப்பதுதான். சுவர் உடைந்தால் இரண்டும் வெளிவரும். மீனின் உடலில் அது குடலிலும் கல்லீரலிலும் மிகுதியாகவும் சதையில் குறைவாகவும் தங்குகிறது. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. பச்சைப் படலம் மிதக்கும் நீரில் பிடித்த மீனாக இருந்தால் குடலையும் ஈரலையும் நீக்கி நன்றாகக் கழுவிச் சமைக்கச் சொல்லுங்கள்.

அமிலத்தை நம்பி வாழும் மீனுக்கு வேறொரு சிக்கலும் நேரலாம். கென்யாவில் மகாடி என்றொரு சோடா உப்பு ஏரி இருக்கிறது. அதன் நீரின் பி.எச். எண் ஏறத்தாழ 10, கடுங்காரம். அதிலும் ஒரு சிறு திலாப்பியா வாழ்கிறது. பாறைகளில் ஒட்டிய நீலப்பச்சைப் பாசியைச் சுரண்டித் தின்கிறது. உப்பு நீரில் வாழ்வதால் அது ஓயாமல் நீரைக் குடிக்கவும் வேண்டும். குடித்த கார நீர் இரைப்பைக்குள் விழுந்தால் அமிலத்தின் கதி என்ன? பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்த எவருக்கும் விடை தெரியும்: நடுநிலையாக்கம். அமிலம் போனால் பாசி செரிக்காது.

2003-ல் இம்மீனின் உணவுப்பாதையை ஆராய்ந்தவர்கள், தொண்டைக் குழாயும் இரைப்பையும் குடலும் ஒரே இடத்தில் கூடும் ஒரு முச்சந்தியைக் கண்டார்கள். இரைப்பை காலியாக இருக்கும்போது அதன் வாயில் இறுக மூடிக்கொள்கிறது. குடித்த நீர் இரைப்பையைத் தொடாமல் நேரே குடலுக்குப் போய்விடுகிறது. பாசி வரும்போது மட்டும் அந்த வாயில் திறக்கிறது.